வரைபடத்தில் இருந்த படிக்கட்டு

அந்தப் படிக்கட்டைப் பிலவேந்திரனுக்கு முதலில் காட்டியவர் ஒரு பல் டாக்டர். அவர் காட்டிய நேரத்தில் பிலவேந்திரனின் வாய் திறந்துதான் இருந்தது, பேசத்தான் முடியவில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காக ஊசி போட்டு, பஞ்சை அடைத்து, மரத்துப்போகிற வரைக்கும் சாய்ந்திருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"சும்மா இருந்தா போர் அடிக்கும். நம்ம கலெக்‌ஷனைப் பாருங்க" என்று நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டார்.

சுவர் நிறையக் கண்ணாடி அலமாரி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் கட்டடங்கள். ஒரு கல்யாண மண்டபம், ஒரு பட்டாசு ஆலை, ரயில் நிலையத்து நடைபாலம் ஒன்று, பாதி மண்ணில் புதைந்த பள்ளிக்கூடம் ஒன்று. ஒவ்வொன்றின் அடியிலும் பித்தளைத் தகட்டில் எண், ஊர், தேதி, இறந்தவர்களின் எண்ணிக்கை. எல்லாம் 'சிற்றில்' நிறுவனத்தின் வேலை. துயரம் நடந்த இடங்களை ஜன்னல் கொக்கி வரைக்கும் அப்படியே சின்னதாகச் செய்து தருகிறவர்கள். மறக்கக் கூடாது என்பதற்காகச் செய்வதாக அவர்கள் சொன்னார்கள். வாங்குகிறவர்கள் தொகுதி தொகுதியாகச் சேர்த்தார்கள்; விட்டுப்போன எண்ணுக்காக ஊர் ஊராக அலைந்தார்கள்.

"மூணு தொகுதியும் முழுசா வெச்சிருக்கிறது திண்டுக்கல்லயே நான் ஒருத்தன்தான்" என்றார் டாக்டர். "இதைப் பாருங்க, பதினேழாம் நம்பர். ஓசூர் மகளிர் விடுதி."

பொத்தானை அழுத்தினார். கட்டடத்துக்குள் அரிசிமணியைவிடச் சிறிய வெளிச்சப் புள்ளிகள் எழுந்தன. ஒரு புள்ளி ஓர் ஆள். தீப்பிடித்த பதினோரு நிமிடங்களையும் ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டும் ஏற்பாடு அது. மூன்றாம் மாடியில் இருபத்துமூன்று புள்ளிகள் முன்பக்கப் படியை நோக்கி ஓடின, திரும்பின, நடைபாதையின் மறுகோடியில் போய் முட்டின. அங்கேயே ஒவ்வொன்றாக அணைந்தன.

"பின்னாடி இரும்புப் படி இருக்கு பாத்தீங்களா? கையை நீட்டினா கதவு. அந்த வார்டன் கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணியிருந்தா அத்தனை பிள்ளைகளும் இறங்கியிருக்கும். கதவு வரைக்கும் கூட்டிட்டுப் போய்த் திறக்காம நின்னிருக்கு. என்ன பொம்பளையோ!"

பிலவேந்திரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அங்கே படி இல்லை என்று சொல்லப் பார்த்தார். பஞ்சுக்கும் மரத்த நாக்குக்கும் நடுவிலிருந்து ஏதோ உளறல்தான் வந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார் டாக்டர்.

அந்த வார்டன் சகாயமேரி. பிலவேந்திரனின் மனைவி.

பிலவேந்திரன் அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்தார். மேரிக்கு வேலை ஓசூரில், செல்போன் ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியில். வார விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அவர் ஓசூருக்குப் போவார். போனால் சும்மா இருக்க மாட்டார். தண்ணீர் மோட்டார், பல்பு, ஒழுகும் குழாய் என்று நான்கு மாடியும் ஏறி இறங்குவார். நடைபாதைகளின் பின்கோடி அவருக்கு நன்றாகத் தெரியும். சுவர். சுவரில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். அதற்கு வெளியே ஒரு கை தூரத்தில் பக்கத்து கோடவுனின் சுவர். படி வைக்க அங்கே இடமே கிடையாது. கட்டட உரிமையாளர் அனுமதி வாங்குவதற்காக வரைபடத்தில் படி போட்டார், கட்டும்போது விட்டுவிட்டார்.

தீ விபத்து நடந்த பத்தாம் நாள் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். விசாரணைக் குழுவின் கையில் எஞ்சியது முத்திரை குத்திய வரைபடம் மட்டும்தான். 'காப்பாளர் பின்வாசலை அடைந்தும் திறக்கத் தவறினார்' என்று குழு எழுதியது. படியே இல்லை என்று பிலவேந்திரன் போய்ச் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓசூரில் நினைவுக்கல் வைத்தபோது அதில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. இருபத்துமூன்றாவதாக மேரியின் பெயர் இல்லை.

இறந்தவர்கள், தப்பியவர்கள் எல்லாருடைய வீடுகளுக்கும் சிற்றில் நிறுவனம் ஆளுக்கு ஒரு பதினேழாம் எண்ணை இலவசமாக அனுப்பியிருந்தது. பிலவேந்திரன் அதைப் பிரிக்காமல் பரணில் போட்டுவைத்திருந்தார். அன்றைக்குப் பல்லைப் பிடுங்காமலே வீட்டுக்குப் போய், பெட்டியை இறக்கிக் கிழித்துத் திறந்தார். படி இருந்தது. கைப்பிடியில் துரு கூட ஏற்றியிருந்தார்கள்.

மறுவாரம் கோயம்புத்தூரில் சிற்றில் அலுவலகத்தில் போய் நின்றார். 'திருத்தப் பிரிவு' என்று எழுதிய அறையில் ஷமீனா என்ற பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவர் சொன்னதை முழுதாகக் கேட்டாள்.

"இந்தப் படியை எங்கேருந்தும்மா எடுத்தீங்க?"

"அங்கீகாரம் வாங்கின வரைபடத்திலேருந்து சார். கட்டடம்தான் இல்லையே."

"வரைபடத்துல போட்டாங்க. கட்டலம்மா."

"கட்டலைங்கறதுக்கு ஃபோட்டோ ஏதாவது இருக்கா சார்?"

"இல்லாத படியை யாரும்மா ஃபோட்டோ எடுப்பா?"

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் சொன்னதா வெளியில சொல்லிடாதீங்க சார். அந்தப் புள்ளிங்க எப்படி ஓடணும்னு கம்ப்யூட்டர்தான் கணக்குப் போடும். முதல் தடவை ஓட்டிப் பாத்தப்ப எல்லாப் புள்ளியும் பின்படி வழியா இறங்கிடுச்சு. ஒருத்தரும் சாகல. ஆனா நிஜத்துல செத்திருக்காங்களே? அதனால பீதியோட அளவைக் கூட்டினாங்க. போதல. இன்னும் கூட்டினாங்க. வார்டன் புள்ளிக்குத்தான் ரொம்பக் கூட்ட வேண்டியிருந்துச்சு."

"பீதியா? மேரிக்கா?"

விடுதிக் குளியலறையில் பாம்பு வந்தபோது, ஊற்றிக்கொண்டிருந்த டீயைக் கடைசி டம்ளர் வரைக்கும் ஊற்றி முடித்துவிட்டுக் கம்பைத் தேடியவள் அவள். அதை இந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"எதிர்ப்பு மனு கொடுங்க. அரசாங்கமே இப்ப எங்க மாடலைத்தான் ஆவணமா எடுத்துக்குது. இங்க மாறினா நினைவுக்கல்லும் மாறும்."

அப்படித் தொடங்கியதுதான். மனு கொடுத்தார். வரிசை எண் இல்லை என்று திரும்பி வந்தது. எண்ணோடு கொடுத்தார். அளவு விவரம் வேண்டும் என்றார்கள். மேஜை மேல் பதினேழாம் எண்ணை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் அளவுகோலுமாக உட்கார்ந்து, இந்தப் படிக்கு எத்தனை கட்டு, எந்த மாடியில் எந்த இடத்தில் கதவு, எவையெல்லாம் பொய் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். படம் தெளிவில்லை என்றார்கள். மறுபடியும் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற மனிதருக்கு வேறு வேலை என்ன? காலையில் காபி குடித்ததும் அந்தப் படிக்கட்டு முன்னால் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். தேவாலயத்தில் பூசை நேரத்தில்கூட அந்தத் துருக் கைப்பிடிதான் கண் முன்னால் நிற்கும். இப்படியே மூன்று வருடம் ஓடியது. அதற்குள் பதினேழாம் எண் இரண்டாம் பதிப்பு வந்தது. அதில் படிக்கட்டுக்குக் கூடுதலாக ஒரு விளக்கு வைத்திருந்தார்கள்.

நான்காம் வருடத் தொடக்கத்தில் ஷமீனாவே கூப்பிட்டாள்.

"புது மெஷின் வந்திருக்கு சார். சாட்சிங்க தலையில தொப்பி மாதிரி மாட்டி, அந்த இடத்தை மனசுல நடந்து பாக்கச் சொல்லுவோம். மூளையில இடங்களைப் பதிஞ்சு வைக்கிற பகுதி தனியா இருக்கு. அதைப் படிச்சு மெஷினே மாடலாச் செஞ்சு கொடுத்துடும். சாட்சிப் படிமம்னு பேரு. ரெண்டு பேர் படிமம் வரைபடத்தோட ஒத்துப்போகலைன்னா வரைபடம் தள்ளுபடி. இப்ப சட்டமே அப்படித்தான்."

பிலவேந்திரனுக்குத் தன்னைப் பற்றிச் சந்தேகமே இல்லை. இன்னொரு ஆள்தான் தேவைப்பட்டது. மூன்றாம் மாடியில் இருந்து தப்பியவர்கள் ஒன்பது பேர். எல்லாருடைய வீட்டு வாசலிலும் போய் நின்றார். ஒரு பெண்ணின் கணவன் கதவையே திறக்கவில்லை. இன்னொருத்தி, "அதையெல்லாம் மறுபடி பாக்கச் சொல்லாதீங்க அங்கிள்" என்று கைகூப்பினாள். கடைசியில் ராசிபுரத்தில் பவதாரணி ஒத்துக்கொண்டாள். தையல் கடை வைத்திருந்தாள். இடது கையில் தோள் வரைக்கும் தழும்பு.

"மேரிம்மாதான் என்னை முதல்ல கீழ போகச் சொல்லித் தள்ளிவிட்டாங்க அங்கிள். அப்புறம்தான் முன்படியில புகை ஏறிடுச்சு. அந்தக் கோடிச் சுவர்ல ஆணி அடிச்சு நாங்க துணி காயப்போடுவோம். அங்க ஏது படி? நான் வந்து சொல்றேன்."

கோயம்புத்தூரில் தொப்பியை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அடுத்த அறையில் இயந்திரம் படிமத்தை அச்சிட்டு முடித்தது. ஷமீனா அதைத் தட்டில் வைத்து எடுத்துவந்தபோதே அவள் முகத்தைப் பார்த்துப் பிலவேந்திரனுக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

படி இருந்தது.

"நான் பொய் சொல்லல அங்கிள்!" பவதாரணி பதறி எழுந்தாள். "சத்தியமா அங்க சுவர்தான். துணி காயப்போட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

"உங்க வீட்டுல பதினேழாம் நம்பர் இருக்குங்களா?" என்று ஷமீனா கேட்டாள்.

"இருக்கு. சாமி அலமாரியில. தினமும் விளக்கு ஏத்துறப்ப அவங்களை நினைச்சுக்குவேன்."

ஷமீனா தட்டை மேஜையில் வைத்தாள். "ஞாபகங்கறது ஃபோட்டோ மாதிரி இல்லீங்க. ஒவ்வொரு தடவை வெளிய எடுத்துப் பாக்கும்போதும் மூளை அதைத் திரும்பப் புதுசா எழுதித்தான் உள்ள வைக்கும். எழுதறப்ப பக்கத்துல என்ன இருக்கோ அதுவும் சேந்துடும்."

பிலவேந்திரன் மேஜையை ஓங்கித் தட்டினார். "அப்ப நீங்களே பொய்யைச் செஞ்சு வீடு வீடா அனுப்பி, எல்லார் மண்டையிலயும் ஏத்திட்டு, இப்ப மண்டையைத் திறந்து பாத்து, ஆமா இருக்குன்னு சொல்லுவீங்க. அப்படித்தானே?"

"ஆமா சார்" என்றாள் ஷமீனா.

பவதாரணியைப் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் நேராக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னை எடு."

"வேண்டாம் சார். ரெண்டாவது படிமத்துலயும் படி வந்துட்டா ஃபைலை நிரந்தரமா மூடிடுவாங்க. அதுக்கப்புறம் யாராலயும் திறக்க முடியாது. எடுக்கலைன்னா மனு நிலுவையிலயாவது இருக்கும்."

"அந்தப் பிள்ளை அதைக் கும்பிட்டுச்சு. அதான் மனசுல ஒட்டிக்கிச்சு. நான் மூணு வருஷமா அதோட சண்டை போட்டுட்டு இருக்கேன். என் தலைக்குள்ள அது எப்படிம்மா வரும்?"

ஷமீனா தொப்பியை மாட்டினாள்.

கண்ணை மூடினார். முன்வாசல், செருப்பு அடுக்கும் இடம், படிகள், இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெயர்ந்திருந்த ஓடு. எல்லாம் ஒழுங்காக வந்தன. மூன்றாம் மாடி. நடைபாதை. அறை அறையாகக் கடந்தார். கோடியில் சுவர் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தார். ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று கிட்டே போனார்.

அச்சிட்டு முடிய இருபது நிமிடம் ஆயிற்று. ஷமீனா தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்காராமல் நின்றாள்.

படி இருந்தது. பவதாரணியின் படிமத்தில் அது ஒரு மங்கலான கோடு மாதிரிதான் இருந்தது. இவருடையதில் கட்டுக் கட்டாக, ஆணி ஆணியாக, துருவோடு இருந்தது. நிறுவனம் செய்து விற்றதைவிடச் சுத்தமான வேலை. கதவு திறந்திருந்தது.

"இந்த மெஷின் ஆட்களை எடுக்காது சார்" என்று ஷமீனா மெதுவாகச் சொன்னாள். "இடத்தை மட்டும்தான் எடுக்கும். இது வரைக்கும் நூத்துக்கணக்குல எடுத்திருக்கோம். ஒரு படிமத்துலகூட ஆள் வந்ததில்ல."

அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், படிக்கட்டின் மேல், ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கை கைப்பிடியில். இன்னொரு கை பின்னால் வருகிறவளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவளுக்குப் பின்னால் கதவு வரைக்கும் வரிசை. பிலவேந்திரன் எண்ணினார். இருபத்திரண்டு பேர்.

வெகுநேரம் அவர் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. எப்போது இது நடந்தது என்று யோசித்தார். மூன்று வருடம் அளவுகோலோடு உட்கார்ந்து, இந்தப் படி இல்லை, இல்லை என்று எழுதிய ஒவ்வொரு காலையிலும், இருந்திருக்கக் கூடாதா என்று உள்ளே ஒரு ஆள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். அந்த ஆள்தான் மேரியை ஒவ்வொரு படியாக இறக்கிக் கொண்டுவந்திருக்கிறான்.

கதவைத் தள்ளிக்கொண்டு தயாரிப்புத் தலைவர் சுதர்சனம் உள்ளே வந்தார். இத்தனை வருடத்தில் மேல்மாடியிலிருந்து ஒருவர் இந்த அறைக்கு இறங்கி வந்தது இதுதான் முதல் தடவை. படிமத்தைக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் கண்கூடக் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

"சார், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? ஒரு கணவரோட மனசு. இதை மட்டும் நாங்க தனிப் பதிப்பாப் போட்டோம்னா, இந்த அம்மாவை யாரும் இனிமே குறை சொல்ல மாட்டாங்க. எல்லாரும் கும்பிடுவாங்க."

"கல்லுல பேர் வருமா?"

"அது... ஃபைல் விஷயம் வேற சார். ரெண்டு படிமத்துலயும் படி இருக்கறதால சட்டப்படி படி இருந்ததாத்தான் ஆகுது. ஆனா ஜனங்க மனசுல..."

"படி இருந்தா அவ திறக்காதவ."

"இதுல திறந்துட்டாங்களே சார்!"

பிலவேந்திரன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதரிடம் எங்கிருந்து தொடங்கி என்ன சொல்வது? டாக்டரிடம் சொல்ல முடியவில்லை. குழுவிடம் சொன்னதை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. முந்நூறு பக்கம் எழுதி அனுப்பியதை யாரும் படிக்கவில்லை.

"இது யாருக்குச் சொந்தம்மா?" என்று ஷமீனாவைக் கேட்டார்.

"சாட்சிக்குத்தான் சார். நாங்க பதிவு மட்டும்தான் வெச்சுக்குவோம். நீங்க சம்மதிக்காம வெளியிட முடியாது."

அவர் படிமத்தை அருகில் இழுத்தார். இடது கையால் கட்டடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களைப் படிக்கட்டின் அடியில் கொடுத்தார். வண்டி ஓட்டிய விரல்கள், பெரியவை. மேரியின் கால்கள் படியோடு ஒட்டியிருந்தன. படியை மட்டும் எடுத்துவிட்டு அவளை எங்கேயாவது நிறுத்த முடியுமா என்று ஒரு கணம் பார்த்தார். வழி இல்லை. எல்லாம் ஒரே வார்ப்பு.

"சார், வேண்டாம்" என்றார் சுதர்சனம்.

பிலவேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். சின்னதாக ஒரு சத்தம். படிக்கட்டு முழுதாகக் கையோடு வந்தது. அதன் மேல் இருந்த இருபத்துமூன்று பேரும் வந்தார்கள்.

கட்டடத்தை மேஜை நடுவில் தள்ளி வைத்தார். பின்பக்கம் மொட்டையாக இருந்தது. மூன்றாம் மாடிக் கதவு வெறும் காற்றைப் பார்த்துத் திறந்திருந்தது.

"கதவுகூடக் கிடையாது அங்க. பரவாயில்ல. இவ்வளவுதான் என்னால முடிஞ்சது. இதைப் பதிவு பண்ணிக்கம்மா."

"உடைஞ்ச படிமம் செல்லாது சார்" என்றாள் ஷமீனா. "நான் எழுதினாலும் மேல அடிச்சுடுவாங்க."

"அடிக்கட்டும். நீ எழுது."

அவள் எழுதினாள். எதிர்ப்பாளர் நேரில் வந்து, படி இல்லை என்று சொன்னார் என்று கையாலேயே ஒரு தாளில் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். அந்தத் தாளைச் சுதர்சனம் எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் கோப்பு மூடப்பட்டது. ஷமீனாவை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். ஆனால் அதெல்லாம் பிலவேந்திரனுக்குத் தெரியவந்தது பின்னால்தான்.

அன்று மத்தியானம் அவர் திண்டுக்கல் பேருந்தில் ஏறினார். ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தது. படிக்கட்டு சட்டைப் பையில் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதன் முனை நெஞ்சில் குத்தியது. பல்லடம் தாண்டியதும் வெயிலுக்குக் கண்ணை மூடினார். மேரி இறங்கி வருவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போல இருந்தது. தப்புதான். பொய்தான். ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிடலாம்.

மூன்றாம் மாடி வந்தது. நடைபாதை வந்தது. கோடியில் கதவு திறந்திருந்தது. வெளியே படிக்கட்டு, கட்டுக் கட்டாக, துருவோடு, மண் வரைக்கும் இறங்கிப் போயிற்று.

அதன் மேல் ஒருவரும் இல்லை.

அவர் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் போகிற சாலையைக் கண் கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தார்.